குளம் வெட்டுவோர் தளரலாகாது

ராயபுரத்தில் குழாயடியில் குடத்துடன் காத்து நின்று வளர்ந்தவன் நான்; தண்ணீரின் அருமை அறிவேன். தண்ணீர்ப் பணியில் நேரும் இடையூறுகளை வெல்லும் வழியையோ, ராஜஸ்தானத்துச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றிலிருந்தே கற்றேன்.

1985-ஆம் ஆண்டில் ராஜேந்திர சிங் என்னும் இளைஞர் அரசாங்க வேலையைத் துறந்து, தோழர்களுடன் அல்வார் மாவட்டம் சென்றார். மருத்துவமும் கல்வியும் அளிப்பதே அவர் நோக்கம். ஊரார் முதலில் ஐயுற்றனர். தங்களுக்கு வேண்டியது தண்ணீரே என்று முதியவர் ஒருவர் எடுத்துரைத்தார். கோபால்புராவில் தூர்ந்து கிடந்த குளத்தை வெட்ட முற்பட்டபோது தோழர் சிலர் விலகினர். அவர் தளரவில்லை. மழைநீர் குளத்தில் தேங்கி, நிலத்தினுள் இறங்கி, வறண்ட கிணறுகளில் ஊறியது. அதன்பின் ஊராரே மண்வெட்டி எடுத்தனர். அண்டை ஊர்களிலும் குளங்கள் பெருகின. வறண்டிருந்த அர்வரி ஆறும் மீண்டும் ஓடியது. 2001-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

பஞ்சாயத்து உறுப்பினர்களே, உழவர் பெருமக்களே! இதில் நமக்குரிய பாடங்கள் மூன்று.

ஒன்று: ஊரார் தேவையைக் கேட்டறிந்த பின்னரே பணியைத் தொடங்குக.

இரண்டு: ஒரே மழைக்காலத்தில் பயன் தெரியும் சிறு பணியை முதலில் மேற்கொள்க.

மூன்று: வேலையில் குறை வையாதீர். மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்குக; மிகுநீர் வெளியேறக் கலங்கல் அமைக்க. முதல் மழையில் கரை உடைந்தால் ஊராரின் நம்பிக்கையும் உடையும்.

சிரமதானத்தின் முதல் நாளில் நூறு பேர் வருவர். பத்தாம் நாளில் பத்துப் பேரே எஞ்சலாம். போனவர்களை ஏசாமல் அந்தப் பத்துப் பேருடன் பணியை முடியுங்கள். குளத்தில் நீர் நின்றால், விலகியவரும் திரும்பி வருவர்.