சென்னை மழைப் படத்தை வாசிப்பது எப்படி?

மழை பிடித்துக்கொண்டால் லயத்துப் பிள்ளைகள் கைத்தொலைபேசியை நீட்டி, "பாருங்க மாமா, செவப்பா பெரிய மழை வருது" என்று பதறுகிறார்கள். பல தடவை அது சென்னை ராடார் படம். அங்கே சொந்தக்காரர் உள்ள குடும்பங்கள் நம் தோட்டங்களில் நிறைய. ஆகவே அதை வாசிக்கும் விதத்தை இம்முறை படிப்போம்.

மலையில் நின்று கூப்பிட்டால் எதிர்மலையிலிருந்து குரல் திரும்பி வருமல்லவா? ராடாரும் அப்படித்தான். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய உயர்ந்த கட்டடத்தின் உச்சியில் சுழன்றபடி வானொலி அலையை அனுப்புகிறது. மழைத்துளியில் பட்டு அலை திரும்பும். திரும்ப எடுத்த நேரம் தூரத்தைச் சொல்லும். திரும்பிய பலம் மழையின் கனத்தைச் சொல்லும்.

அந்தப் பலத்தைத்தான் நிறமாகப் போடுகிறார்கள். பக்கத்தில் நிற அளவுகோல் இருக்கும். அதில் 20 என்றால் வெறும் தூறல். 40 என்றால் மணிக்குச் சுமார் 12 மில்லிமீற்றர். 50 என்றால் கிட்டத்தட்ட 50 மில்லிமீற்றர். எண் கொஞ்சம் ஏறினாலும் மழை பல மடங்கு ஏறிவிடும்.

ஒரு படம் மட்டும் போதாது. 2 மணிப் படத்தில் 60 கிலோமீற்றரில் இருந்த மழை, 2.30 படத்தில் 40 கிலோமீற்றரில் நின்றால், இன்னும் ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடும். வழியிலேயே கரைந்தும் போகலாம், அதனால் அடுத்தடுத்த படங்களையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்கு மழை கடல் பக்கமிருந்து வரும். ஆடி, ஆவணி மாலைகளில் இடிமழை பெரும்பாலும் மேற்கே தரைப்பக்கமிருந்து வரும்.

சிவப்பைக் கண்டால்தான் பயம் என்று நினைக்கக்கூடாது. 2015 டிசம்பர் முதலாம் திகதி பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணித்தியாலத்தில் 49 சென்ரிமீற்றர் பதிவானது. கடலிலிருந்து மழைமேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே பக்கம் வந்துகொண்டே இருந்தன. நிறம் குறைவாக இருந்தாலும், ஒரே இடத்தை விட்டு நகராத மழைதான் ஊரை மூழ்கடிக்கும்.

சரி, இந்தப் படம் நம்ம மலைக்கு உதவுமா? உதவாது. பூமி உருண்டை, அலையோ கிட்டத்தட்ட நேராகப் போகும். 250 கிலோமீற்றர் போவதற்குள் அது தரையிலிருந்து 5 கிலோமீற்றருக்கும் மேலே ஏறிவிடும். நுவரெலியா அதைவிட எவ்வளவோ தொலைவு. சென்னைப் படத்தில் நம் பக்கம் வெறுமையாக இருந்தால் மழையில்லை என்று பொருளல்ல. மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையையே கேளுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே விழிப்பாக இருக்கச் சொல்கிறார்கள்; 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்கிறார்கள்.

கடைசியாக, படத்தில் உள்ள நேரம். அது பல தடவை யூ.ரி.சி. என்ற உலக நேரத்தில் இருக்கும். அதோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால்தான் நம் நேரம். திகதியையும் பாருங்கள், போன வருசப் படத்தை அனுப்புகிறவர்களும் உண்டு!

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: படத்தில் 09.40 யூ.ரி.சி. என்று இருக்கிறது. நம் மணிக்கூட்டில் எத்தனை மணி?