கெம்போங் மீனில் புதிய காரச் சுவை

தோட்டப்புறக் குடும்பங்களில் கெம்போங் மீனை அறியாதார் இலர். தமிழ்நாட்டில் கானாங்கெளுத்தி என வழங்குவதும் இதுவே. புரதமும் இதயத்திற்கு நலந்தரும் கொழுப்பும் இதில் நிறைந்துள்ளன. ஆயினும் நாம் இதனைப் புளிக்குழம்பாக வைக்கிறோம். இல்லையேல் மிளகாய்த்தூள் தடவிப் பொரிக்கிறோம். மலாய் அண்டை வீட்டாரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளத்தக்க இருவகைச் சமையலை இங்குக் காண்போம்.

முதலாவது, சம்பல் அடைத்த மீன். 4 மீன்களைக் குடல் நீக்கிக் கழுவி, முதுகுப்புறத்தில் முள்ளின் இருபக்கமும் நீளவாக்கில் கீறுதல் வேண்டும். ஊறவைத்த காய்ந்த மிளகாய் 10, சின்ன வெங்காயம் 6, பூண்டுப் பல் 3, சுட்ட பெலாச்சான் சிறு துண்டு ஆகியவற்றை அரைத்து, எண்ணெயில் வதக்கி, சிறிது புளிக்கரைசலும் சீனியும் சேர்த்து இறக்கவும். அம்மியில் அரைத்தால் சுவை கூடும் என்பதே நம் கருத்து. விழுது ஆறியதும் கீறலில் அடைத்து, மீன்மேல் மஞ்சளும் உப்பும் தடவி, இளந்தீயில் பொரிக்கவும். பெலாச்சானிலேயே உப்பு உண்டு. ஆதலின் உப்பைக் குறைத்தே இடுக.

மற்றொன்று ஆசாம் பெடாஸ். புளிப்பும் காரமும் என்பது அதன் பொருள். மிளகாய், வெங்காயம், மஞ்சள் அரைத்த விழுதை எண்ணெய் பிரியும்வரை வதக்கி, புளித்தண்ணீர் ஊற்றி, நசுக்கிய செராய்த்தண்டு, பிளந்த புங்கா காந்தான் மொட்டு, ஒரு பிடி கெசும் இலை இட்டுக் கொதிக்கவிடவும். வெண்டைக்காயும் சேர்க்கலாம். மீனைக் கடைசியில் இட்டு, ஏறத்தாழ 10 நிமிடத்தில் இறக்கிவிடுதல் நன்று. கெசும் தண்டை ஈரமான இடத்தில் நட்டால் எளிதில் வேர்விடும்; கடையில் வாங்க வேண்டுவதில்லை.

இனி, காரத்தினும் முக்கியமான செய்தி ஒன்று. மீன் விற்பவர் வரும் வேளையில் நம்மில் பலர் மரம் வெட்டிக்கொண்டிருப்போம். வாங்கிய மீன் நண்பகல்வரை வெயிலின் வெப்பத்தில் கிடப்பதும் உண்டு. கெம்போங், சூரை போன்ற மீன்கள் அவ்வாறு கிடப்பின், நுண்ணுயிர்கள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. எவ்வளவு கொதிக்கவைத்தாலும், பொரித்தாலும் அது அழிவதில்லை. தீய நாற்றமின்றியும் அது இருக்கக்கூடும். அத்தகைய மீன் சிலவேளை நாக்கில் மிளகைப்போல் உறைக்கும். மிளகாய்க் காரமோ அவ்வெச்சரிக்கையையும் மறைத்துவிடும். கெட்டுப்போகும் நிலையிலுள்ள மீனுக்கு "இரண்டு மிளகாய் கூடுதலாகப் போட்டால் சரியாகும்" என்போர் இதனை நினைவிற்கொள்க.

பனிக்கட்டியில் புதைத்து விற்கப்படும் மீனையே வாங்குவோம். 1 கிலோ மீனுக்கு 1 கிலோ பனிக்கட்டி என்பது நல்ல அளவு. வாங்கியவுடன் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும்; வீட்டில் ஆளில்லையெனில் அண்டை வீட்டாரிடம் சொல்லிவைக்கலாம். உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு, நெஞ்சு படபடப்பு தோன்றின் உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். ஒவ்வாமை நோயும் இவ்வாறே தோற்றமளிக்கும். ஆகவே என்ன மீன், எப்போது வாங்கியது, எங்கு வைத்திருந்தது என்பவற்றை மருத்துவரிடம் தவறாது கூறுக.