விலைக்கு வாங்கிய கோப்பு திறக்காதபோது
(வர்த்தகர் பாடம்)



கப்பலிலிருந்து சரக்கு இறங்கி வந்த நாட்களில் நம்மவர்களிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. சாக்கு வந்து சேர்ந்ததா, எண்ணிக்கை சரியா, தையல் பிரிந்திருக்கிறதா, எடை குறைகிறதா என்று வரிசையாகப் பார்த்த பிறகே அனுப்பியவருக்குக் கடிதம் எழுதுவார்கள். இன்று நாம் பணம் கொடுத்து வாங்குபவற்றில் சில, கையால் தொட முடியாத சரக்குகள். இருப்புக் கணக்கு எழுத எக்ஸெல் தாள், கடைக்கு வரைந்து வாங்கிய இலச்சினை, பிள்ளைகள் படிக்க ஒரு மின்னூல், விளம்பரத்துக்கு ஒரு தமிழ் எழுத்துரு, இப்படிப் பல. இவை திறக்காவிட்டால் நம்மில் அநேகர் அந்தப் பழைய ஒழுங்கை மறந்து மறுபடியும் பணம் கட்டிவிடுகிறார்கள். அல்லது எவனோ அனுப்பிய "திறக்கும் செயலி"யைக் கைப்பேசியில் ஏற்றி, வங்கியில் இருப்பதையும் இழக்கிறார்கள். ஆகவே இந்தப் பாடம்.

முதலில் சரக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். கணினியில் குரோம் அல்லது எட்ஜ் உலாவி திறந்திருக்கும்போது கண்ட்ரோல் விசையுடன் ஜே எழுத்தை அழுத்தினால் இதுவரை இறக்கியவற்றின் பட்டியல் தெரியும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் "ஃபைல்ஸ்" அல்லது "மை ஃபைல்ஸ்" என்னும் செயலியிலும், ஐபோனில் "ஃபைல்ஸ்" செயலியிலும் "டவுன்லோட்ஸ்" என்ற அறை உண்டு. "வரவேயில்லை" என்று சொல்லப்படுகிற கோப்புகளில் பல அங்கேதான் கிடக்கின்றன. அங்கும் இல்லையென்றால், எந்த மின்னஞ்சல் முகவரியில் வாங்கினீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். நமது கடைகளில் முதலாளிக்கு ஒரு முகவரி, மகனுக்கு ஒரு முகவரி, கடைக்கு ஒரு முகவரி. மகன் முகவரியில் வாங்கியதை முதலாளி கணக்கில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? வேண்டாத கடிதங்கள் சேரும் ஸ்பாம் பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பேஸ்புக்கிலோ இன்ஸ்டகிராமிலோ இருந்தபடியே இணைப்பை அழுத்தினால், அந்தச் செயலிக்குள் ஒரு சிறு உலாவி திறக்கும். கோப்பு இறக்குவதில் அது பல வேளைகளில் தடுமாறும். இணைப்பை நகலெடுத்து குரோமிலோ சஃபாரியிலோ திறப்பதே உத்தமம். இன்னொன்று: பல கடைகள் இத்தனை முறை, இத்தனை நாள் என்று இறக்கும் உரிமைக்கு வரம்பு வைத்திருக்கின்றன. கோபத்தில் பத்து முறை தட்டினால் வரம்பு தீர்ந்துவிடும்.

அடுத்தது, சரக்கு முழுமையாக வந்ததா என்பது. குரோமில் பாதி இறங்கிய கோப்பின் பெயர் "சிஆர்டவுன்லோட்" என்றும், ஃபயர்ஃபாக்ஸில் "பார்ட்" என்றும் முடியும். அதன் பெயரை மாற்றித் திறக்க முயல்வது வீண் வேலை. வைஃபை நன்றாக உள்ள இடத்திலிருந்து மறுபடி இறக்க வேண்டும். அளவையும் பாருங்கள். இருநூறு பக்கப் புத்தகம் நான்கு கிலோபைட் அளவில் வந்திருந்தால் அது புத்தகமன்று. கடையில் உள்நுழையாமல் இணைப்பை அழுத்தும்போது, "உள்நுழைக" என்று கேட்கும் பக்கமே பி.டி.எப். என்ற பெயரில் சேமிக்கப்பட்டுவிடுவதுண்டு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அந்தக் கோப்பை நோட்பேடில் திறப்பது. உண்மையான பி.டி.எப். ஆனால் முதல் வரியில் சதவிகிதக் குறியும், அதையடுத்து பி, டி, எப் என்ற ஆங்கில எழுத்துக்களும் இருக்கும். "எச்.டி.எம்.எல்." என்று தொடங்கினால் அது வலைப்பக்கம். பார்த்த பின் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

ஜிப் என்பது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய சாக்கு. சாக்கைப் பிரிக்காமல் வாயை மட்டும் தளர்த்திக் கைவிட்டு எடுப்பதுபோல, விண்டோஸில் ஜிப்புக்குள்ளிருந்தே எக்ஸெல் தாளைத் திறப்பவர்கள் உண்டு. திறக்கத்தான் செய்யும், ஆனால் அதில் எழுதிய கணக்கு நிலைக்காது. வலப்பொத்தானை அழுத்தி "எக்ஸ்ட்ராக்ட் ஆல்" கொடுத்துப் பிரித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ஐபோனில் "ஃபைல்ஸ்" செயலியில் ஒருமுறை தொட்டாலே பிரிந்துவிடும். ஈபப் என்னும் மின்னூலும் எக்ஸெல் தாளும்கூட உள்ளே ஜிப் கட்டுகள்தாம். ஆயினும் அவற்றைப் பிரிக்கலாகாது. அதற்குரிய செயலியில் அப்படியே திறக்க வேண்டும்.

இலச்சினை வாங்கியவர்கள் "ஏ.ஐ." என்று முடியும் கோப்பு கைப்பேசியில் திறக்கவில்லை என்று வரைந்தவரோடு சண்டையிட வேண்டியதில்லை. அது பெயர்ப்பலகை செய்பவருக்கு உதவுவது. உங்கள் உபயோகத்துக்கு பி.டி.எப்., பி.என்.ஜி. இரண்டையும் சேர்த்துத் தரும்படி பேரம் பேசும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி வர்த்தகர்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய ஒரு விஷயம். கோபோ, கூகுள் பிளே போன்ற கடைகளில் வாங்கும் பூட்டிட்ட மின்னூல்களைக் கணினிக்கு இறக்கினால், "ஏ.சி.எஸ்.எம்." என்று முடியும் மிகச் சிறிய கோப்பு ஒன்று வருகிறது. இது சரக்கு அல்ல, டெலிவரி ஆர்டர். கிட்டங்கியில் காட்டினால்தான் சரக்கு வரும். காட்டும் இடம் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்னும் செயலி. அதை ஏற்றி, அடோபி கணக்கு ஒன்றைத் தொடங்கி, கணினியைப் பதிவு செய்த பிறகு அந்தச் சீட்டைத் திறந்தால் புத்தகம் இறங்கும். கணக்கு இல்லாமல் பதிவு செய்தால் புத்தகம் அந்த ஒரு கணினியோடு கட்டுப்பட்டுவிடும். ஒருவர் பெயரில் மாற்றிய டெலிவரி ஆர்டரை மற்றொருவர் காட்டினால் கிட்டங்கிக்காரர் சரக்கைக் கொடுப்பாரா? மகன் தன் கணக்கில் ஒருமுறை திறந்துவிட்டால், அதே சீட்டு தகப்பனாரின் கணக்கில் திறக்காது. யார் கணக்கில் என்பதை வாங்கும்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பூட்டு எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எழுதியவரின் உரிமையும் ஒரு சொத்து, அதில் கைவைக்கலாகாது என்று 1988 ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்திருக்கிறது. ஒரு பிரதி வாங்கி வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்கு அனுப்புபவர்கள் அதை யோசிக்க வேண்டும்.

தமிழ்க் கோப்புகளுக்கென்று தனியாக ஒரு நோய் உண்டு. கோப்பு திறக்கும், ஆனால் தமிழுக்குப் பதில் கிறுக்கல் தெரியும். இதற்குக் காரணங்கள் இரண்டு, மருந்துகளும் வேறு வேறு. யுனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் தன் விருப்பப்படி ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழை வைத்திருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உழைத்தவர்களில் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியும் மலேசியாவின் முத்து நெடுமாறனும் முக்கியமானவர்கள். கணினித் தமிழுக்கான 1997 ஆம் ஆண்டு மாநாடும் சிங்கப்பூரில்தான் நடந்தது. ஆயினும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த கோப்புகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் கிறுக்கல்தான். விற்றவரிடம் எழுத்துருவின் பெயரைக் கேளுங்கள்; அல்லது எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எப். கேளுங்கள்.

இரண்டாவது காரணம் விலைப்பட்டியல்களில் வருவது. சி.எஸ்.வி. என்னும் பட்டியலை எக்ஸெலில் நேராகத் திறந்தால், சரியான யுனிகோடு தமிழையும் அது தவறாகப் படித்துவிடும். கண்டுகொள்ள ஓர் அடையாளம் சொல்கிறேன். வட்டத்துக்குள் ஆர் என்ற எழுத்துள்ள வர்த்தக முத்திரைக் குறியை நாம் எல்லோரும் அறிவோம். கிறுக்கலில் அந்தக் குறி திரும்பத் திரும்ப வந்தால் கோப்பு பழுதில்லை. எக்ஸெல்தான் தவறாகப் படிக்கிறது. "டேட்டா" பகுதியில் "ஃப்ரம் டெக்ஸ்ட்" வழியாகக் கோப்பைக் கொண்டுவந்து, 65001 யு.டி.எப்.-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் மிளகும் சீரகமும் தமிழிலேயே தெரியும். எழுத்துக்களுக்குப் பதில் வெறும் கேள்விக்குறிகளாகவே இருந்தால் மட்டும் வேறு வழியில்லை. சேமிக்கும்போதே எழுத்துக்கள் அழிந்துவிட்டன. மூலத்தைத் திரும்ப வாங்க வேண்டும்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. புத்தகமோ படமோ வாங்கியிருக்க, வந்த கோப்பு "ஈ.எக்ஸ்.ஈ." என்றோ "ஏ.பி.கே." என்றோ முடிந்தால் தொடாதீர்கள். விண்டோஸ் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவிடுவதால், பி.டி.எப். போலத் தெரிவது உண்மையில் ஈ.எக்ஸ்.ஈ. ஆக இருக்கலாம். "வியூ" பகுதியில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழுப் பெயரும் தெரியும். ஏ.பி.கே. மூலம் வங்கிப் பணம் திருடப்படுவது பற்றி 2023 இல் சிங்கப்பூர்க் காவல்துறை பலமுறை எச்சரித்தது. மலேசியாவில் கலியாண அழைப்பிதழ் என்ற பெயரிலேயே இவை வந்தன. எக்ஸெல் தாளில் மஞ்சள் பட்டை வந்தால் அது "எடிட்" செய்ய உத்தரவு கேட்பதாக இருக்கலாம்; மேக்ரோவை இயக்க உத்தரவு கேட்பதாகவும் இருக்கலாம். மேக்ரோ தடுக்கப்பட்டது என்று மஞ்சளாகவோ சிவப்பாகவோ பட்டை வந்தால், விற்றவரை நன்கு அறிந்தாலொழிய அந்தத் தடையை நீக்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகே விற்றவருக்கு எழுத வேண்டும். ரசீது எண், வாங்கிய தேதி, மின்னஞ்சல் முகவரி, கோப்பின் முழுப் பெயர், அளவு, எந்தக் கருவி, திரையில் வந்த வாசகத்தின் படம் ஆகியவற்றை ஒரே கடிதத்தில் அனுப்பினால் அவர் திருப்பிக் கேட்க ஒன்றும் இராது. "திறக்கவில்லை" என்ற ஒற்றைச் சொல் கடிதத்துக்கு ஒரு வாரம் வீணாகும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்-பகரா 282 ஆம் ஆயத்து குர்ஆனிலேயே நீளமான ஆயத்து என்பதை நாம் அறிவோம். மின்னஞ்சலில் வந்த ரசீதை அழிக்காமல் வைப்பதும் அந்த வகையைச் சேர்ந்ததே. விற்றவர் பதிலே தராவிட்டால், அட்டை கொடுத்த வங்கியில் தகராறு மனு கொடுக்க இந்த ரசீதும் கடிதமும் வேண்டும். அதற்குக் கெடு உண்டு; தாமதிக்கலாகாது.

திறந்ததும் கோப்பை டவுன்லோட்ஸ் அறையிலேயே விட்டுவிடக் கூடாது. அது இறங்குதுறை, கிட்டங்கி அல்ல. கடைக்காரரிடம் எப்போதும் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். மைக்ரோசாப்ட் 2019 இல் தன் மின்னூல் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பித் தந்தது. ஆனால் வாங்கியிருந்த புத்தகங்கள் வாசகர்களிடமிருந்து போய்விட்டன. கிண்டில் புத்தகங்களைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. வழியாக மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26 அன்று நிறுத்திவிட்டது. இறக்க இடமளிக்கும் கடையானால் வாங்கிய அன்றே இறக்கி, கணினியில் ஒன்றும் வெளி வட்டில் ஒன்றுமாக வையுங்கள். பெயரையும் "2025 இருப்புக் கணக்கு" என்பதுபோல விளங்கும்படி மாற்றுங்கள். "டவுன்லோட் 3" என்று கிடந்தால், ரமலானில் ஜகாத் கணக்கு முடிக்க உட்காரும்போது எந்தக் கோப்பு என்று தெரியாது.