கர்த்தர் எந்த வழியாகவும் வரலாம்

செய்ய வேண்டியவை

• தேவையைச் சொல்லி ஜெபியுங்கள். வழியைக் கர்த்தரிடமே விட்டுவிடுங்கள். மகனுக்கு வேலை கேளுங்கள். எந்தக் கம்பெனி, யார் சிபாரிசு, எந்த மாதம் என்று ஆண்டவருக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்காதீர்கள்.

• எளியவர்களின் சொல்லுக்குக் காது கொடுங்கள். குஷ்டரோகியாயிருந்த சீரியாவின் படைத்தலைவன் நாகமானுக்கு, குணமடைய முதலில் வழி காட்டியது, சிறைபிடித்து வரப்பட்ட ஒரு சிறுமி. தீர்க்கதரிசி எலிசா வெளியே வந்து, தன் தேவனைக் கூப்பிட்டு, குஷ்டத்தின் மேல் கையை அசைப்பார் என்று அவன் எதிர்பார்த்துப் போனான். எலிசா வாசலுக்குக்கூட வரவில்லை. யோர்தானில் ஏழு தரம் முழுகச் சொல்லி ஆள் அனுப்பினார், அவ்வளவுதான். தமஸ்குவின் நதிகளுக்கு இது ஈடாகுமா என்று கோபித்துக் கிளம்பியவனைச் சமாதானப்படுத்தி ஆற்றில் இறங்க வைத்தவர்கள் அவனுடைய வேலைக்காரர்கள்.

• ஒரு வாசல் அடைபட்டால் உடனே அதைச் சத்துருவின் கிரியை என்று கட்டி ஜெபிக்க வேண்டாம்; சற்றுப் பொறுத்துப் பாருங்கள். அப்போஸ்தலர் 16-இல், ஆசியா மாகாணத்தில் பிரசங்கிக்கப் போன பவுலைத் தடுத்தவர் பரிசுத்த ஆவியானவரே. பித்தினியாவுக்கும் வழி கிடைக்கவில்லை. துரோவாவில் கண்ட தரிசனத்தை நம்பிக் கடல் கடந்து பிலிப்பிக்குப் போனார். தரிசனத்தில் அழைத்தவன் ஒரு ஆண். அங்கே ஆற்றங்கரையில் கூடியிருந்தவர்களோ பெண்கள். அவர்களில் இருதயம் திறக்கப்பட்ட லீதியாளின் சொந்த ஊர் தியத்தீரா. தடுக்கப்பட்ட அதே ஆசியாவின் ஊர்! படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

• எதையும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரோயா ஊரார் பவுலின் பிரசங்கத்தையே அப்படித்தான் சோதித்தார்கள். கர்த்தர் சொன்னார் என்று ஒருவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டத் தேவையில்லை.

செய்யக்கூடாதவை

• போன முறை நடந்தபடியே இந்த முறையும் நடக்கும் என்று காத்திருக்காதீர்கள். கர்மேலில் அக்கினியால் பதில் பெற்ற எலியாவிடம் ஓரேபில் கர்த்தர் மெல்லிய சத்தத்தில்தான் பேசினார்.

• அடுத்தவர் சாட்சியை உங்கள் வாழ்க்கைக்கு அளவுகோலாக்காதீர்கள்.

• மருந்து மாத்திரையை விசுவாசக் குறைவாக எண்ணாதீர்கள். மருத்துவமும் கர்த்தர் வரும் வழிதான். மிஷனெரி ஊழியமே வேண்டாம் என்றிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டார்கள். மருத்துவரான அவருடைய தந்தையை, ஆண் என்பதால், ஏற்க மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன்பிறகே ஐடா மருத்துவம் படித்தார். 1900-இல் வேலூரில் அவர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அந்தச் சாவுகள் தேவனுடைய விருப்பம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அழுகையை அவர் வீணாக விடவில்லை என்று மட்டும் நம்புகிறேன்.

• ஆகவே துக்க வீட்டில், "இதிலும் கர்த்தருக்கு ஒரு நோக்கம் இருக்கும்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஒருவேளைச் சாப்பாடு கொண்டுபோங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போய் விடுங்கள். அந்தக் குடும்பத்துக்குக் கர்த்தர் அனுப்ப நினைத்த ஆள் நீங்களாக இருக்கலாம். தயங்காமல் போங்கள்.