"எலும்பு இல்லை" என்று சொல்லிவிட்டார்களா?

நம்பிக்கை: மேல் வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்.

உண்மை: போகாது. பார்வைக்கான நரம்பு வேறு. மேல் பற்களுக்கு உணர்ச்சி தரும் ஐந்தாம் மூளை நரம்பின் கிளை வேறு. இந்தப் பயத்தால் சொத்தைப் பல்லோடு ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுகிறவர்கள் கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர்ப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அதற்குள் வேரடியில் கட்டிய சீழ் எலும்பை அரித்துவிடுகிறது. கடைசியில் பல் தானாக ஆடி விழும்போது, இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) பொருத்தப் போதிய எலும்பு மிஞ்சாமல் போகலாம்.

நம்பிக்கை: மேல் தாடையில் எலும்பு குறைந்தால் இம்ப்ளான்ட்டுக்கு வழியே இல்லை.

உண்மை: வழிகள் பல உண்டு. எது பொருந்தும் என்பதை மிச்சமுள்ள எலும்பின் உயரம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே, கன்னத்துக்குள், சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போனபின் கீழிருந்து எலும்பு தேய்கிறது. மேலிருந்து காற்றறை இறங்குகிறது. சிலருக்கு நடுவில் மிஞ்சுவது 2, 3 மில்லிமீட்டர்தான். வழக்கமான இம்ப்ளான்ட்டோ சுமார் 10 மில்லிமீட்டர் நீளம். அங்குள்ள எலும்பும் கீழ்த்தாடை எலும்பைப் போலக் கெட்டியானதல்ல.

ஐந்தாறு மில்லிமீட்டர் இருந்தால் குட்டை இம்ப்ளான்ட் போடலாம். அல்லது இம்ப்ளான்ட்டுக்கான துளை வழியாகவே சைனஸ் சவ்வைச் சற்று உயர்த்தலாம். அதைவிடக் குறைவென்றால், பக்கவாட்டில் சிறு ஜன்னல் திறந்து, முட்டை ஓட்டின் உள்தோல் போன்ற அந்தச் சவ்வைக் கிழியாமல் தூக்கி, அடியில் எலும்புத் துகளை நிரப்புவார்கள். அமெரிக்க மருத்துவர் ஹில்ட் டேட்டம் 1970களில் தொடங்கிவைத்த முறை இது. துகள் எலும்பாக இறுக பெரும்பாலும் 6 முதல் 9 மாதம் ஆகும். சைனஸைத் தொடாமல் முன்பக்க எலும்பில் சாய்வாகப் பொருத்துவதும் உண்டு. எதுவுமே மிஞ்சாதவர்களுக்குக் கன்ன எலும்பில் ஊன்றும் நீண்ட இம்ப்ளான்ட் இருக்கிறது. அதில் சைனஸ் தொற்று வரலாம். ஆகவே அதைக் கடைசி வழியாகவே கருத வேண்டும்.

நம்பிக்கை: கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் கரைந்த தாடை எலும்பு வளர்ந்துவிடும்.

உண்மை: வளராது. தாங்குவதற்கு வேர் இல்லாததால் அந்த எலும்பு கரைகிறது. அதுவும் பல் எடுத்த முதல் ஆண்டில்தான் அதிகம்.

நம்பிக்கை: சுகர் இருந்தால் இம்ப்ளான்ட் கூடாது.

உண்மை: கட்டுப்பாட்டில் இருந்தால் போடலாம். பீடியும் சிகரெட்டும் புண் ஆறுவதைக் கெடுக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை: எல்லோருக்கும் மூன்றே நாளில் நிலையான பல் கட்டலாம்.

உண்மை: இம்ப்ளான்ட் தொடக்கத்திலேயே உறுதியாகப் பிடித்துக்கொண்டவர்களுக்கு மட்டுமே அப்படிச் செய்யலாம். முதலில் தருவதும் பெரும்பாலும் தற்காலிகப் பல்தான். ஸ்கேன் பார்க்காமலே நாள் குறிக்கிற இடத்தில் பணம் கட்டாதீர்கள். சாதாரண எக்ஸ்ரே எலும்பின் அகலத்தைக் காட்டாது, முப்பரிமாண சி.பி.சி.டி. ஸ்கேன் காட்டும். எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, ஏன் இந்த முறை, பல்செட் எனக்குப் போதாதா என்று கேளுங்கள். நன்றாகப் பொருந்திய பல்செட்டே பலருக்குப் போதும்.

இந்தச் சிகிச்சைக்கு வாய் அறுவை, ஈறு, செயற்கைப் பல் ஆகிய மூன்று துறையினரும் கலந்து பேச வேண்டியிருக்கும். பல் மருத்துவக் கல்லூரிகளில் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கேளம்பாக்கத்திலேயே செட்டிநாடு பல் மருத்துவக் கல்லூரி இருப்பதால், இரண்டாவது கருத்துக் கேட்க வெகுதூரம் போக வேண்டியதில்லை.