வீரரின் நடத்தையும் வியாபாரியின் பெயரும்

பொத்துவிலில் கட்டடப் பொருட்கள் விற்கும் நண்பர் ஒருவர் ஒரு கேள்வியோடு வந்திருந்தார். ஊர்க் கழகமொன்று மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு ஜேர்சி அடிக்க அவரிடம் அனுசரணை கேட்டிருக்கிறது. முதுகில் கடையின் பெயர் பெரிதாக வருமாம். பணம் அவருக்குப் பெரிய விடயமல்ல. ஆனாலும் கொடுப்பதா, விடுவதா என்று இரண்டு மனம்.

காரணம் இருக்கிறது. முந்திய வருடம் வேறொரு கழகத்திற்குக் கொடுத்திருந்தார். இறுதிப் போட்டியில் ஒரு ரன் அவுட் தீர்ப்பில் வாய்த்தர்க்கம் வந்து, விக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு நடுவரைச் சுற்றி நின்றார்கள். யாரோ கைத்தொலைபேசியில் படம் பிடித்துவிட்டார். மறுநாள் சுபஹுக்கு முன்னரே ஊர் முழுக்க அது பரவிவிட்டது. “நடுவர நெருக்கிக்கிட்டு நிண்ட நாலு பேர்ட முதுகிலயும் என்ட கடைப் பேர்தான்” என்றார் நண்பர். சீமெந்து வாங்க வந்தவர்கள்கூட “உங்கட பொடியன்மார்தானே?” என்று கேட்டுச் சிரித்தார்களாம்.

இவ்வாரம் நண்பரின் கேள்வியையே நமது பாடமாக எடுத்துக்கொள்வோம்.

உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு ‘நன்மதிப்பு’ என்ற சொல் தெரிந்திருக்கும். ஒரு வியாபாரத்தை விற்கும்போது கட்டடம், சரக்கு, வாகனம் எல்லாவற்றையும் கூட்டிக் கடன்களைக் கழித்த பிறகும், வாங்குபவர் அதற்கு மேலாக ஒரு தொகை கொடுப்பார். அந்த மேலதிகத் தொகைதான் நன்மதிப்பு. கையால் தொட முடியாத சொத்து அது. நட்சத்திர வீரர் ஒருவருக்கு நிறுவனங்கள் கொடுக்கும் பணமும் இத்தகையதே. அவருடைய ஓட்டங்களுக்கும் விக்கெட்டுகளுக்கும் சம்பளம் கொடுப்பது கிரிக்கெட் சபை. விளம்பரக்காரர் வாங்குவது, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தவுடன் மக்கள் மனதில் எழும் நல்லெண்ணத்தை. அதைச் சில காலத்திற்கு வாடகைக்கு எடுக்கிறார். வாடகைக்கு எடுத்த வீட்டின் கூரை ஒழுகினால் நனைவது வாடகைக்காரரின் தளபாடம்தானே!

கோல்ப் வீரர் டைகர் வூட்ஸின் விவகாரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2009 நவம்பரில் அவருடைய குடும்ப வாழ்வின் ஒழுக்கக்கேடுகள் வெளியே வந்தன. ஆலோசனை நிறுவனமான அக்சென்சர் ஆறு வருடங்களாகத் தன் விளம்பரங்களை அவரைச் சுற்றியே அமைத்திருந்தது. அடுத்த மாதமே அது விலகிக்கொண்டது. விளையாட்டுப் பொருள் நிறுவனமான நைக்கி விலகவில்லை. 2024 ஜனவரி வரை, ஏறத்தாழ 27 வருடங்கள், அவருடன் இருந்தது. ஒரே மனிதர், ஒரே தவறு. ஒரு நிறுவனம் ஓடியது, மற்றது நின்றது. ஏன்? அக்சென்சர் விற்றது ஆலோசனை. அதாவது, ‘எங்கள் தீர்மானத்தை நம்புங்கள்’ என்பதே அதன் சரக்கு. நைக்கி விற்றது சப்பாத்தும் உடையும். வூட்ஸின் வீட்டில் என்ன நடந்தாலும் அவர் பந்தை அடிக்கும் திறமை பொய்யாகிவிடவில்லை.

இதனோடு அவுஸ்திரேலிய அணியின் கதையை வைத்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் பான்க்ரொப்ட் என்ற வீரர் பந்தை உப்புத்தாளால் தேய்த்தது தொலைக்காட்சிக் கமராவில் அகப்பட்டது. அணித் தலைவர் ஸ்டீவ் ஸ்மித்துக்கும் துணைத் தலைவர் டேவிட் வோர்னருக்கும் ஒரு வருடத் தடை, பான்க்ரொப்டுக்கு ஒன்பது மாதம். சில நாட்களுக்குள் நிதி முகாமை நிறுவனமான மகெல்லன், கிரிக்கெட் சபையுடன் செய்திருந்த மூன்று வருட அனுசரணை ஒப்பந்தத்தை முதல் வருடம் முடியுமுன்னரே முறித்தது. கொமன்வெல்த் வங்கி ஸ்மித்தைக் கைவிட்டது. இரண்டுமே மக்களின் பணத்தைக் காக்கும் நிறுவனங்கள் என்பதைக் கவனியுங்கள். ஆனால் இம்முறை சப்பாத்து நிறுவனமான அசிக்ஸும் வோர்னரையும் பான்க்ரொப்டையும் விட்டு விலகியது. ஏனெனில் இங்கே தவறு வீட்டுக்குள் நடக்கவில்லை, ஆட்டத்துக்குள்ளேயே நடந்தது. நமது கடைத்தெருப் பாஷையில் சொன்னால், முதலாவது வியாபாரியின் சொந்த வாழ்க்கைக் குறை, இரண்டாவது தராசில் கைவைத்தது. தராசில் கைவைத்தவனிடம் யாரும் எதையும் வாங்கமாட்டார்கள்.

ஆகவே அனுசரணை கொடுக்குமுன் வியாபாரி தன்னிடமே கேட்க வேண்டியது, ‘நான் விற்பது பொருளையா, நம்பிக்கையையா?’ என்பதுதான். மருந்துக்கடை, நகைக்கடை, விருந்தினர் விடுதி நடத்துவோருக்கு விடை சொல்லித் தரத் தேவையில்லை. எனது நண்பரும் சீமெந்து மட்டும் விற்பவர் அல்லர். வீடு கட்டுகிறவனுக்கு அரை வருடக் கடன் கொடுத்து, கொப்பியில் எழுதி வைத்து, வாய்ச்சொல்லை நம்பி நடப்பவர். அவருடைய சரக்கில் பாதி நம்பிக்கைதான்.

இதில் நமக்கு வெளியூர்ப் பாடம் தேவையா என்றும் சிலர் கேட்கலாம். நபி (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் கிடைக்குமுன்னரே மக்கத்து மக்கள் வைத்த பெயர் அல்-அமீன். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் கதீஜா (ரழி) அவர்கள் தமது வணிகப் பொருட்களை அவர்களிடம் ஒப்படைத்து ஷாமுக்கு அனுப்பினார்கள். பின்னர் எதிரிகளாகிப் போனவர்களின் அமானிதங்கள்கூட ஹிஜ்ரத் இரவு வரை அவர்களிடமே இருந்தன. அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலி (ரழி) அவர்கள் பின்தங்க வேண்டியிருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அவமானத்தின் முன் ஒரு வீரர் எப்படி நடந்தார் என்பதற்கு முத்தையா முரளிதரனைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ன் மைதானத்தில் நடுவர் டேரல் ஹெயார் அவர் பந்தை எறிவதாகக் கூறி ஏழு தடவை நோபோல் கொடுத்தார். 1999இல் அடிலெய்டில் இன்னொரு நடுவர் அதையே செய்தபோது, தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். முரளி செய்தது வேறு. பல்கலைக்கழக ஆய்வுகூடங்களுக்குப் போய்த் தன் கையைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். 2004இல் முழங்கையை மடக்க முடியாதபடி கவசம் பூட்டிக்கொண்டு தொலைக்காட்சிக் கமராவின் முன்னால் பந்து வீசிக் காட்டினார். சண்டை பிடிக்கவில்லை, ஒளிந்துகொள்ளவும் இல்லை. அதே வருடம் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்டே அவரைப் பந்தை எறிபவர் என்றபோது, அவ்வருட அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்திற்குப் போகாமல் நின்றுவிட்டார். அவருடைய கோபம் அத்தோடு முடிந்தது.

பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. அந்தத் திகதியை நமது கரையோரத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. முரளி நிவாரண லொறிகளோடு அலைந்தார். 2005 ஜனவரி 10ஆம் திகதி சுனாமி நிதிக்கான போட்டியில் ஆசிய அணிக்காக விளையாட, எந்த மெல்பேர்ன் மைதானத்தில் அவமதிக்கப்பட்டாரோ அங்கேயே போய் நின்றார். 2010 ஜூலையில் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டுடன் ஓய்வு பெற்றபோது, நோபோல் என்று கத்திய ரசிகர்களின் பத்திரிகைகளும் அவரைப் புகழ்ந்து எழுதின. விக்கெட்டுகள் மட்டும் இதைச் செய்திருக்குமா? எனக்குச் சந்தேகம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவருடைய வாழ்க்கைக் கதையான ‘800’ திரைப்படத்தில் நடிகர் விஜய் சேதுபதி நடிப்பதாக 2020 ஒக்டோபரில் அறிவிப்பு வந்ததும் தமிழகத்தில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. யுத்தத்தின் முடிவு பற்றியும் அரசியல் பற்றியும் அவர் சொல்லியிருந்த வார்த்தைகள் தமிழர் பலரைப் புண்படுத்தியிருந்தன. அவற்றுக்குத் தவறான பொருள் கொடுக்கப்பட்டதாக முரளி விளக்கம் சொன்னார். ஒரு வாரத்துக்குள் முரளியே கடிதம் எழுதி நடிகரை விலகச் சொல்ல வேண்டியதாயிற்று. படம் வேறொரு நடிகருடன் 2023 ஒக்டோபரில்தான் வெளிவந்தது. சரி பிழை பற்றி வாசகர்களிடம் பல கருத்துகள் இருக்கும், அதற்குள் நான் போகவில்லை. வியாபாரக் கண்ணோடு மட்டும் பார்த்தால், பதினைந்து வருட மைதானப் பொறுமை சம்பாதித்த நன்மதிப்பு, மைதானத்துக்கு வெளியே சொன்ன வார்த்தைகளுக்கு ஈடாக நிற்கவில்லை. வீரரை நம்பிப் பணம் போட்ட தயாரிப்பாளர்தான் கதாநாயகனை இழந்து நின்றார்.

மைதானத்துக்கு வெளியே நடப்பதுதான் இன்று பெரும்பாலும் வீரர்களைக் கவிழ்க்கிறது. 2021 ஜூனில் இங்கிலாந்தின் டர்ஹம் நகரில் கொரோனாக் கட்டுப்பாட்டை மீறி இரவில் வீதியில் நின்ற குசல் மென்டிஸ், நிரோஷன் திக்வெல்ல, தனுஷ்க குணதிலக்க மூவரையும் காட்டிக்கொடுத்தது வழிப்போக்கர் ஒருவர் எடுத்த வீடியோ. ஆளுக்கு ஒரு கோடி ரூபா அபராதம், சர்வதேசப் போட்டிகளில் ஒரு வருடத் தடை. தடை பின்னர் முன்கூட்டியே நீக்கப்பட்டது. வீடியோவை யாராலும் நீக்க முடியவில்லை.

அறுகம்பையில் அலைச்சறுக்கல் கற்றுக்கொடுக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சீசன் காலத்தில் அவர்கள் அந்தக் கரையின் நட்சத்திரங்கள். பலகையில் ஏறி நிற்கும் லாவகத்தைப் பார்த்து வெளிநாட்டார் வியக்கிறார்கள். ஆனால் ஊர் திரும்பியபின் இணையத்தில் அவர்கள் எழுதுவது லாவகத்தைப் பற்றியல்ல. சொன்ன விலையையே எடுத்தாரா, பயந்தபோது பொறுமையாக இருந்தாரா, பெண்களோடு கண்ணியமாகப் பேசினாரா என்பவற்றைத்தான். ஒரு பையனின் ஒரு மாலைநேர நடத்தை அடுத்த சீசனில் பத்து விடுதிகளின் அறைகளைக் காலியாக்கலாம்.

மார்க்கத்தைப் பேணினால் அனுசரணை கிடைக்காது என்று பயப்படும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தென்னாபிரிக்காவின் ஹாஷிம் அம்லா, அணிக்கு அனுசரணை வழங்கிய பியர் நிறுவனத்தின் சின்னத்தை அணியாமலேயே ஆடி, தலைவராகவும் ஆனார். 2022 ஜனவரியில் ஆஷஸ் கிண்ணத்தைத் தூக்கிய அவுஸ்திரேலிய அணியின் தலைவர் பெட் கமின்ஸ், உஸ்மான் கவாஜாவும் மேடைக்கு வருவதற்காகத் தம் வீரர்களை ஷம்பெய்ன் தெளிப்பதை நிறுத்தச் சொன்னார். சில விநாடிக் காட்சிதான். கமின்ஸுக்கு அது தேடிக் கொடுத்த மரியாதையை எந்த விளம்பர நிறுவனமும் காசுக்கு விற்காது.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவருக்குச் சொன்னவை இவை. கழகம் எத்தனை கிண்ணம் வென்றது என்று கேட்காதீர்கள், கடைசியாகத் தோற்ற நாளில் என்ன செய்தது என்று கேளுங்கள். யாருக்கும் சொல்லாமல் ஒரு போட்டியைப் போய்ப் பாருங்கள். அஸர் பாங்கு சொன்னதும் ஆட்டம் நிற்கிறதா, பிடி தவறவிட்ட சின்னப் பையனை மூத்தவர்கள் என்ன வார்த்தையால் ஏசுகிறார்கள் என்று கவனியுங்கள். பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் நன்னடத்தை நிபந்தனை எழுதுகின்றன. நீங்களும் ஒரு பக்கக் கடிதம் எழுதலாம்: நடுவரோடு தகராறு செய்தால் அந்த ஜேர்சியோடு மறுபடி இறங்கக் கூடாது, தொகையில் பாதி இப்போது, பாதி சுற்றுப்போட்டி முடிந்த பிறகு. கடிதத்தைத் தலைவர் மட்டுமல்ல, விளையாடும் ஒவ்வொருவரும் வாசித்துக் கையொப்பமிடட்டும்.

நண்பர் போய்ப் பார்த்தார். அன்று கழகம் தோற்றதாம். தோற்றவர்கள் நடுவருக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் மைதானத்தை விட்டு வெளியே வந்தார்களாம். ஜேர்சிக்கு ஓம் என்று சொல்லிவிட்டார். ஆனால் கடைப் பெயரை முதுகில் வேண்டாம், கைப்பக்கம் சின்னதாக அடியுங்கள், முதுகுக்கு அடுத்த வருடம் பார்ப்போம் என்றாராம்.