இரண்டுபட்ட வீடும் மூன்றாம் மனிதனும்



தனக்குள் பிரிந்து நிற்கும் இராச்சியம் நிலைக்காது, தனக்குள் பிரிந்து நிற்கும் வீடும் நிலைக்காது என்று நம் ஆண்டவர் போதித்ததை அர்ச். மாற்கு எழுதிய சுவிசேஷம் மூன்றாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் பெரியோரும் ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்றார்கள். ஆண்டவர் வீட்டின் அழிவைக் காட்டினார். பழமொழியோ அந்த அழிவில் ஆதாயம் தேடும் மூன்றாம் மனிதனையும் காட்டுகிறது. சகோதரர் சண்டையில் அந்நியன் ஆயுதத்தோடு நுழைந்தால் என்ன விளையும்? இவ்வாரம் இதைப் படிப்போம்.

திருத்தணியில் இருக்கும் நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். திருவள்ளூர் வழியாக பஸ் ஏறினால் சில மணி நேரத்துக்குள் ஸ்ரீபெரும்புதூர் வந்துவிடும். அங்கே 1991-ம் ஆண்டு மே 21 இரவு, முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி வெடிகுண்டால் கொல்லப்பட்டார். அவரோடு காவலுக்கு நின்ற போலீசாரும் பார்க்க வந்த பொதுஜனங்களும் மாண்டார்கள். கடலுக்கு அப்பால் நடந்த ஒரு சகோதர யுத்தம் நம் வாசற்படியில் வந்து இரத்தம் சிந்தியது. ஆகையால் இது நமக்கு அந்நிய விஷயமல்ல.

1. வேத சரித்திரம் காட்டும் பாடம்

மக்கபேயர் அந்நிய அரசனுடைய நுகத்தடியை முறித்து யூதேயாவுக்கு விடுதலை தேடித் தந்த சரித்திரத்தை நாம் அறிவோம். ஆனால் அந்த விடுதலை எப்படிப் பறிபோயிற்று என்பதை அநேகர் அறிவதில்லை.

கிறிஸ்து பிறப்பதற்கு முன் 67-ம் ஆண்டில் அவ்வம்சத்து அரசி சலோமே அலெக்சாந்திரா இறந்தாள். அவளுடைய மக்கள் ஹிர்க்கானுஸ், அரிஸ்தோபுலுஸ் என்னும் இருவரும் பட்டத்துக்காகப் போரிட்டார்கள். மூத்தவனுக்கு அந்திப்பாத்தர் என்னும் இதுமேயன் தூபம் போட்டான். அரபு நாட்டு அரசன் ஒருவன் படையோடு வந்து எருசலேமை வளைத்துக் கொண்டான். அச்சமயம் உரோமைச் சேனாதிபதி பொம்பேயு சீரியாவுக்கு வந்திருந்தான். அண்ணனும் அவனிடம் ஓடினான், தம்பியும் அவனிடம் ஓடினான். எங்களுக்கு இவ்விருவரும் வேண்டாம் என்று ஜனங்களின் தூதர் சிலரும் போனார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

கி.மு. 63-ல் பொம்பேயு எருசலேமுக்கு வந்தான். ஒரு கட்சியார் பட்டணத்து வாசலைத் திறந்துவிட்டார்கள். மறு கட்சியார் தேவாலயத்துக்குள் இருந்து சுமார் மூன்று மாதம் எதிர்த்து நின்றார்கள். முடிவில் பன்னிரண்டாயிரம் யூதர் மாண்டதாகச் சரித்திர ஆசிரியர் யோசேப்புஸ் எழுதுகிறார். பிரதான குரு ஒருவரே வருஷத்தில் ஒரு நாள் நுழையும் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பொம்பேயு நுழைந்து பார்த்தான். தம்பியைக் கைதியாக்கி உரோமைக்குக் கொண்டுபோனான். அண்ணனுக்குக் குருப்பட்டத்தை விட்டுவைத்தான், முடியைத் தரவில்லை. ஜனங்களுக்கு வந்து சேர்ந்தது உரோமையின் வரிச்சுமை.

கி.மு. 40-ல் அந்த அந்திப்பாத்தருடைய மகன் ஏரோதுவை உரோமை ஆலோசனைச் சபை யூதேயாவுக்கு அரசனாக்கிற்று. பெத்லகேம் மாசற்ற குழந்தைகளைக் கொல்வித்தவன் இவனே. பிற்பாடு உரோமையிலிருந்து வந்த போஞ்சு பிலாத்து, நம் இரட்சகருக்கு மரணத் தீர்ப்பிட்டான். இரண்டு சகோதரர் செய்த பிழையின் நிழல் எவ்வளவு தூரம் விழுந்தது பாருங்கள்.

2. இலங்கையில் நடந்தது

இலங்கை 1948-ல் சுயாதீனம் அடைந்தது. பெரும்பான்மையோர் சிங்களவர், சிறுபான்மையோர் தமிழர். சத்தியத் திருச்சபையோ இரு பாஷைக்காரரிடமும் வேரூன்றியிருக்கிறது. நீர்கொழும்புச் சிங்களவரும் மன்னார்த் தமிழரும் ஒரே நற்கருணைப் பந்தியில் அமர்பவர்கள். இதை நினைவில் வைத்து மேலே வாசியுங்கள்.

முதல் விதை அநீதி. 1948-ம் ஆண்டுப் பிரஜா உரிமைச் சட்டத்தால் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழர் நாடற்றவரானார்கள். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1957-ல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் மறு வருஷமே கிழிக்கப்பட்டது. 1965-ல் செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. 1981-ல் யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் 13 இராணுவ வீரர் கொல்லப்பட்டதும், கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் குற்றமற்ற தமிழர் கொல்லப்பட்டார்கள், அவர்கள் வீடுகள் கொளுத்தப்பட்டன. வாக்குத் தவறுவோர் பேச்சை நம்பி யார் மறுபடியும் மேசைக்கு வருவார்? வாலிபர்கள் துப்பாக்கி ஏந்தினார்கள்.

துப்பாக்கி ஏந்தியவர்களும் நீதியைக் காக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் கொன்றார்கள். விடுதலைப் புலிகள் 1990-ல் வடமாகாணத்து முஸ்லிம்களை வீடு வாசலை விட்டு விரட்டினார்கள். சிறு பிள்ளைகளையும் படையில் சேர்த்தார்கள். அநீதிக்கு ஆளானவன் அநீதி செய்ய உத்தரவு பெற்றவனல்ல.

3. அயலார் கை வைத்தபோது

1983-க்குப் பின் இந்தியா இரண்டு காரியம் செய்தது. தப்பி வந்த அகதிகளுக்கு இடம் கொடுத்தது, இது தர்மம். அதே சமயம் போராளிக் குழுக்கள் பலவற்றுக்கு இரகசியமாக ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. மற்றத் தேசங்கள் பல இலங்கைச் சர்க்காருக்கு ஆயுதம் விற்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருந்தது.

1987 ஜூன் 4-ந் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கொழும்பில் உடன்படிக்கை செய்தார்கள். அதில் தமிழருக்கு நன்மையான ஷரத்துகள் இருந்தன. ஆனால் யாருக்காக எழுதப்பட்டதோ அந்தத் தமிழர் அதில் கையெழுத்திடவில்லை. சிங்களவரில் அநேகர் அதை அவமானமாக எண்ணினார்கள். மறுநாளே அணிவகுப்பில் நின்ற சிங்களக் கடற்படை வீரன் ஒருவன் நம் பிரதமரைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான்.

சமாதானம் காக்கச் சென்ற இந்தியப் படையை யாழ்ப்பாணத்துத் தாய்மார் மாலையிட்டு வரவேற்றார்கள். அக்டோபருக்குள் அதே படை புலிகளோடு யுத்தத்தில் இறங்கியது. அம்மாதம் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் வைத்தியர்களும் தாதிமாரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தெற்கிலோ இந்தியப் படை வந்ததையே சாக்காகக் கொண்டு சிங்கள வாலிபர் கலகம் எழுப்பினார்கள். அதிலும் அதை அடக்கியதிலும் பல ஆயிரம் பேர் மடிந்தார்கள். ஜனாதிபதி பிரேமதாசா, இந்தியப் படையைப் போகச் சொல்லி, அதுவரை தமக்குச் சத்துருவாயிருந்த புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல் திரும்பிற்று. நம் வீரர் சுமார் 1,200 பேர் திரும்பவில்லை. அவர்களும் ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளே.

மறு வருஷம் ஸ்ரீபெரும்புதூர். 1993-ல் பிரேமதாசாவும் வெடிகுண்டுக்கு இரையானார். கொடுத்த ஆயுதம் கொடுத்தவனை நோக்கித் திரும்பிற்று. யுத்தமோ 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் முடிந்தது. அந்தக் கடைசி மாதங்களில் மட்டும் 40,000 வரை பொதுஜனங்கள் இறந்திருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சபை நியமித்த நிபுணர் குழு 2011-ல் அறிவித்தது.

மடு மாதாவின் திருத்தலத்தையும் யுத்தம் விடவில்லை. தமிழரும் சிங்களவரும் சேர்ந்து முழங்காலில் நிற்கும் இடம் அது. அகதிகள் தஞ்சம் புகுந்திருந்த அவ்விடத்தில் 1999 நவம்பரில் குண்டு விழுந்து சுமார் 40 பேர் மாண்டார்கள். 2008 ஏப்ரலில் மாதாவின் திருச்சுரூபத்தையே குருக்கள் பத்திரம் தேடி எடுத்துச் செல்ல நேரிட்டது. அன்று தேவமாதாவும் அகதியானார்கள்.

4. தலையீடு வேறு, மத்தியஸ்தம் வேறு

அப்படியானால் அயல்வீடு எரியும்போது கைகட்டிப் பார்க்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். நல்ல சமாரித்தன் விலகிப் போகவில்லை. ஆனால் அவன் செய்தது என்ன? காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், பணம் கொடுத்தான். அடிபட்டவன் கையில் கத்தியைக் கொடுத்து வழிப்பறிக்காரன்மேல் ஏவவில்லை.

நம் ஊரே இதற்கு ஒரு திருஷ்டாந்தம். 1953-ல் ஆந்திர மாகாணம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று எல்லைப் போராட்டம் நடத்தினார்கள். மறியலும் சிறைவாசமும் மனக்கசப்பும் இருந்தன. கடைசியில் இரு மாகாணத்தாரும் படாஸ்கர் என்பவரை மத்தியஸ்தராக ஏற்றார்கள். அவர் கிராமம் கிராமமாகப் பாஷையைக் கணக்குப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். 1959-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. திருப்பதி கேட்ட தமிழருக்குத் திருப்பதி கிடைக்கவில்லை. திருத்தணியை விட மனமில்லாத ஆந்திரருக்குத் திருத்தணி கிடைக்கவில்லை. ஆயினும் இன்று ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படி ஏறும் கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கிறது. சந்தையில் பாஷை பார்த்து யாரும் விலை சொல்வதில்லை.

இரண்டும் ஒரே நிலைமையல்ல என்பது மெய்தான். நமக்கு மேலே இரு தரப்புக்கும் பொதுவான ஒரு பார்லிமெண்டு இருந்தது. இலங்கைத் தமிழருக்கு முறையிட அப்படி ஓர் இடம் இருக்கவில்லை. ஆனாலும் வித்தியாசம் விளங்குகிறதல்லவா? மத்தியஸ்தன் இரு தரப்பாரும் அழைத்து வருகிறவன். அவனுக்குச் சொந்த ஆதாயமில்லை. அவன் கையில் ஆயுதமில்லை. பரிசுத்த பாப்பானவர் 23-ம் அருளப்பர் 1963-ல் எழுதிய உலக சமாதானம் பற்றிய நிருபத்தில், தேசங்களின் வழக்கு ஆயுதத்தால் அல்ல, பேச்சினால் தீர வேண்டும் என்று போதித்ததும் இதுவே.

நல்ல அந்நியன் ஒருவனையும் இலங்கை கண்டது. கோவாவிலிருந்து 1687-ல் பிச்சைக்காரர் வேஷத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்த அர்ச். சூசை வாஸ் சுவாமியார் தமிழும் சிங்களமும் பேசினார். கண்டியில் அவரை ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். பிற்பாடு அங்கே பெரியம்மை வந்தபோது, எல்லோரும் ஓட, அவர் நோயாளிகளைக் கழுவிப் போஷித்தார். 2015 ஜனவரி 14-ல் பாப்பானவர் பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுத்தார். இரு பாஷைக்காரரும் அவரைத் தம்மவர் என்கிறார்கள்.

5. நாம் செய்ய வேண்டியது

முதலாவது, நம் வீட்டைப் பார்ப்போம். வரப்புக்காகவும் பாகத்துக்காகவும் அண்ணன் தம்பி சண்டையிட்டு, ஒருவன் கட்சிக்காரரையும் மற்றவன் அடியாட்களையும் அழைத்து வருகிறார்கள். வழக்கு முடியும்போது நிலம் யார் கையில் இருக்கிறது? பெரியவர் ஒருவர் முன் இருவரும் உட்கார்ந்திருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும்.

இரண்டாவது, கொடுத்த வாக்கைக் காப்போம். கிழித்த ஒப்பந்தம் துப்பாக்கிக்குத் தாய்.

மூன்றாவது, நம் திருவள்ளூர் ஜில்லாவில் கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை அகதி என்று ஒதுக்காமல் அயலார் என்று அழைப்போம். சமாரித்தனுடைய வேலை இன்னும் முடியவில்லை.

கூட்டங்களில் பேசிப் பார்க்கக் கேள்விகள்:

1. ஹிர்க்கானுஸ், அரிஸ்தோபுலுஸ் இருவரில் யார் ஜெயித்தார்?
2. தலையிடுகிறவனுக்கும் மத்தியஸ்தனுக்கும் உள்ள மூன்று வித்தியாசங்கள் எவை?
3. நம் பங்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் குடும்பங்களுக்கு நாம் என்ன செய்யலாம்?

இவ்வாரம் குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியை இலங்கையில் மாண்ட சகலருக்காகவும், தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், இந்திய வீரர் என்ற பேதமின்றி, மடு மாதாவின் பாதத்தில் ஒப்புக்கொடுப்போமாக.